ஒரு லிட்டருக்கு

கேட்டைப் போட்டுட்டான். போடத்தான் செய்வான், நான் அவசரமா போற நாள்ல என்னைக்கு இந்த ரயில் கேட் திறந்து கிடந்திருக்கு. அய்யலுசாமி ஆட்டோவை ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சிட்டு, “ரெண்டு வண்டி கிராஸிங்காம்க்கா, ஒண்ணு கூட்ஸு”ன்னு என்னமோ கல்யாணச் சேதி சொல்லுத மாதிரி சொல்லுதான். மடியில ஐஸ் பெட்டி. பெட்டிக்குள்ள குழாய். குழாய்ல அரை விரற்கடைக்கு, ரத்தத்துல இருந்து பிரிச்ச மஞ்சத்தண்ணி மாதிரி சீரம், மேல என் கையெழுத்துல ‘முப்பிடாதி குழந்தை’ன்னு எழுதின சீட்டு. பேர் வைக்காத பிள்ளைக்கு அம்மா பேருதான். பிறந்து மூணு நாளாச்சு, இன்னும் தொட்டில்ல கூடப் போடல, அதுக்குள்ள என் கையில ஒரு தடவை மாட்டிக்கிட்டு முழிக்கி. பத்து அஞ்சு. டாக்டரம்மா பதினொண்ணு வரைக்கும் பொறுக்கேன்னு சொன்னாங்க. “நீங்க ஒரு மணி நேரத்துல ரெண்டு நம்பர் சொல்லுதீங்க செண்பகம், எதை நம்பி நான் பிள்ளையை மதுரைக்கு அனுப்பட்டும், எதை நம்பி அனுப்பாம இருக்கட்டும்? அதே ரத்தத்தை ஞானதுரை லேப்ல பாத்துட்டு வாங்க. பிள்ளை இப்பத்தான் பால் குடிக்கத் தொடங்கியிருக்கான், அதனால பொறுக்கேன். வேன் வாசல்ல நிக்குது.” வேன் நிக்குது. இங்க நான் நிக்கேன். ஞானதுரை லேப் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டா கேக்குற தூரம். இந்த மூணு வருஷத்துல அந்தப் படியை நான் ஒரு நாளும் மிதிச்சதில்ல, இன்னைக்குப் போயே ஆகணும்னா கேட்டைப் போடுதான். கடவுளுக்கும் என் மேல ஒரு கண்ணு இருக்கத்தான் செய்யுது.

தப்பு ஒரு புள்ளிதான். சி.ஆர்.பி.ன்னு ஒரு புரதம் இருக்கு, உடம்புல எங்கயாச்சும் கிருமி நுழைஞ்சு சண்டை மூண்டா ஈரல் அதை அள்ளி அள்ளி ரத்தத்துல விடும், பச்சப்பிள்ளைக்கு அது பத்தைத் தாண்டினா டாக்டர்மார் நாற்காலிய விட்டு எந்திரிச்சிருவாங்க. பத்துன்னா ஒரு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம். ஆனா என் மெஷின்ல நான் இருபது வருஷமா ஊத்துற மருந்து டெசிலிட்டர் கணக்குல சொல்லும், அதாவது நூறு மில்லிக்கு எவ்வளவுன்னு. கடலை மிட்டாய்க் கடையில ஒருத்தன் கிலோ விலை சொல்லுதான், அடுத்த கடைக்காரன் நூறு கிராம் விலை சொல்லுதான், மிட்டாய் ஒண்ணுதான், அது மாதிரி. அதனால வர்ற நம்பரைப் பத்தால பெருக்கி எழுதணும். மறந்துறக் கூடாதுன்னு மெஷின் தலைக்கு மேல நானே ஒட்டி வச்சிருக்கேன், ‘பத்தால் பெருக்கு’ன்னு. மூணு வருஷமா பெருக்கிப் பெருக்கி இப்ப கையே பெருக்குது, நான் நினைக்கவே வேண்டாம். நேத்துப் புதுக் கம்பெனி மருந்து வந்துச்சு. அதோட, மெஷினுக்கு அளவு சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டில் வரும், அதுல பழையதுல 6ன்னு இருக்கும், இதுல 60ன்னு இருந்துச்சு. 60ன்னே மெஷின்ல தட்டினேன். தட்டும்போதாவது யோசிச்சிருக்கலாம்லா, எருமை மாடு, ஆறு எப்படி அறுபதாச்சுன்னு. அறுபதுன்னா இவன் லிட்டர் கணக்குல சொல்லுதான்னு அர்த்தம், இனிமே பெருக்க வேண்டாம்னு அர்த்தம். காலைல முப்பிடாதி பிள்ளை ரத்தம் வந்துச்சு. மெஷின் 2.4 காட்டுச்சு. கை 24ன்னு எழுதி அனுப்பிருச்சு. அனுப்பிட்டு அடுத்த ஆளைப் பாத்தேன், கால் வீங்கின பெரியவர், மெஷின் 96 காட்டுது, நான் 960ன்னு எழுதப் போறேன். எதுக்க உக்காந்துக்கிட்டு அவரு, “யம்மா, ரத்தம் எடுத்தாச்சுல்லா, இப்ப நான் காப்பி குடிக்கலாமா”ன்னு கேக்காரு. ஆளு 960 வச்சுக்கிட்டுக் காப்பி கேப்பாரா? அப்பத்தான் முதுகுல ஐஸ் தண்ணிய ஊத்தினாப்புல இருந்துச்சு.

முப்பிடாதி தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறவ. கல்யாணமாகி எட்டு வருஷம். எட்டு வருஷமா என் லேப்லதான் ரத்தம் கொடுத்தா, மாசாமாசம் அந்தச் சின்னக் கப்பையும் வாங்கிட்டுப் போவா, நான்தான் ஒவ்வொரு தடவையும் இல்லம்மான்னு சொல்லிச் சொல்லி, போன வருஷம் ஒரு நாள் இருக்குன்னு சொன்னேன். அவ அழல, சிரிக்கல, “நல்லாப் பாத்தீங்களாக்கா”ன்னு மட்டும் கேட்டா. நல்லாப் பாத்தேன்டி, அன்னைக்கு நல்லாத்தான் பாத்தேன். ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை, தையல் இன்னும் காயல, அவ வேன்ல ஏற முடியாது. பிள்ளையை மட்டும் கண்ணாடிப் பெட்டியில வச்சு மதுரைக்கு எடுத்துட்டுப் போவாங்க, அந்தப் பிஞ்சுக் கையில ஊசி, முதுகெலும்புல ஊசி, பத்து நாள் இருபது நாள், இவ இங்க மார்ல பால் கட்டிக்கிட்டுக் கிடப்பா. எல்லாம் ஒரு புள்ளியை நான் நகட்டினதால. சரி, 2.4தான்னா போன் பண்ணிச் சொல்லியாச்சே, அப்புறம் எதுக்கு இந்த நெஞ்சு அடிச்சுக்குது? ஏன்னா அந்தப் பாட்டில். ஐஸ்ல கிடந்து வந்த பாட்டில். 60ங்கற நம்பர் நிக்குது, பக்கத்துல லிட்டருக்கா டெசிலிட்டருக்கான்னு போட்டிருந்த எழுத்து நனைஞ்சு கரைஞ்சு போச்சு. உள்ள இருந்த தாள் குப்பை வண்டிக்குப் போயாச்சு, மருந்து கொண்டாந்த பையன் போனை எடுக்க மாட்டேங்கான். திரும்ப ஓட்டிப் பாத்தேன், 2.4. இன்னொரு தடவை, 2.4. அப்பத்தான் அந்த மனுஷன் சொன்னது காதுல கேட்டுச்சு, யாரை நினைக்கவே கூடாதுன்னு இருந்தேனோ அந்த ஞானதுரை அண்ணாச்சி. “ஒரே தப்பை மூணு தடவை செஞ்சா மூணு தடவையும் ஒரே விடைதான் வரும் தங்கச்சி. உங்க மெஷினுக்கு உங்க மெஷினே சாட்சி சொல்லக் கூடாது.”

“தண்ணி குடிக்கீங்களாக்கா?” அய்யலுசாமி பாட்டில நீட்டுதான். வேண்டாம்டா. எக்ஸ்பிரஸ் போயிருச்சு, கேட் திறக்கல, கூட்ஸ் வரணுமாம், நடந்து தாண்டவும் கேட்டுக்காரன் விடல. பத்து பதிமூணு. அந்த மனுஷன் மூணு வருஷத்துக்கு முன்னால என் லேப்புக்கு எப்படி வந்தாருன்னு நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது, சிரிக்கிற நேரமா இது. ஞானதுரை அண்ணாச்சிக்குக் கடவாய்ப்பல் சொத்தை. கன்னம் ஒரு பக்கம் பூசணிக்காயா வீங்கி, ஒரு கண்ணு மூடிப்போச்சு. நம்மளா இருந்தா பல் டாக்டர்கிட்ட ஓடுவோம். இவரு என்ன செஞ்சாரு? ரெண்டு நாளா வலியைப் பொறுத்துக்கிட்டுக் காய்ச்சல் ஏறட்டும்னு இருந்தாராம்! அவரு சம்சாரம் திட்டாத திட்டில்ல. சும்மா இருக்குற ரத்தத்துல அந்தப் புரதம் இருக்காதே, காய்ச்சக்காரன் ரத்தம் வேணும், அடுத்தவன் காய்ச்சலுக்குக் காத்திருக்குறது நியாயமில்லன்னு கர்த்தரே பாத்து என் பல்லுக்கு அனுப்பியிருக்காருன்னு சொன்னாராம். மூணாம் நாள் தன் கையிலயே ரத்தம் எடுத்து, சீரம் பிரிச்சு, ஒன்பது சின்னக் குழாய்ல சமமா ஊத்தி, ஐஸ் பெட்டியை சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு ஊர்ல இருக்குற ஒன்பது லேப்புக்கும் வெயில்ல சுத்தினாரு மனுஷன். என் வாசல்லயும் வந்து நின்னாரு, வாயைத் திறக்க முடியல, கையால சைகை காட்டி, ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தாரு, ‘சி.ஆர்.பி. பாக்கணும், வழக்கமா நோயாளிக்கு எப்படி எழுதுவீங்களோ அப்படியே எழுதிக் குடுங்க.’ நான் என்ன நினைச்சேன்? நம்மளைச் சோதிக்க வந்திருக்கான் பாரு, பெரிய கலெக்டர்னு நினைச்சேன். 4.9ன்னு எழுதி விட்டெறிஞ்சேன். அலகு போடல. இருபது வருஷமா என்கிட்ட வாரவங்களுக்குத் தெரியாததான்னு ஒரு கொழுப்பு.

ஒரே மனுஷன், ஒரே பல்லு, ஒரே ரத்தம். ஒன்பது சீட்டையும் ஒரு அட்டையில ஒட்டி, கல்யாண மண்டபத்துப் பந்தி ஹால்ல எல்லாரையும் கூட்டிவச்சுக் காட்டினாரே, அதைப் பாத்தப்போ எனக்குக் கோபம் வந்துச்சே ஒழிய வெக்கம் வரல. 48. 4.9. 5.1. 47. 50. ஒருத்தர் 0.5. ஒருத்தர் ‘ஆறுக்கு மேல்’. ஒருத்தர் வெறும் பாசிட்டிவ். ஒரு புண்ணியவான் நார்மல்னே எழுதியிருந்தாரு, கன்னத்தைப் பாத்தாவது எழுதியிருக்கலாம். அண்ணாச்சி கத்தல, யாரையும் குத்திக் காட்டல, வீக்கம் வத்தாத வாயால மெதுவாச் சொன்னாரு. “இதுல யாரையும் குத்தம் சொல்ல வரல. முக்காவாசிப் பேரு சரியாத்தான் அளந்திருக்கோம். ஆளுக்கொரு படியால அளந்திருக்கோம், அவ்வளவுதான். இங்க பாத்துட்டு நாளைக்கு அங்க பாக்குற தாய்க்கு நாம யாரு, ஒன்பது லேப்பா? அவளுக்கு நாம ஒரே லேப்தான்.” அதைச் சொல்லிட்டு ஒரு கதை சொன்னாரு. “ஒரு லேப்ல 3.6ன்னு எழுதி அலகு போடாம விட்டாங்க. டாக்டர் லிட்டருக்குன்னு நினைச்சு நார்மல்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. உண்மையில அது 36.” அவ்வளவுதான் சொன்னாரு. எந்த லேப்னு சொல்லல. ஆனா சொல்லும்போது என்னைப் பாத்தாரு. பாத்தாருன்னு நான் நினைச்சேன். எனக்குத்தான் டெசிலிட்டர், எனக்குத்தான் அலகு போடாத பழக்கம், அப்ப என்னைத்தானே சொல்லுதான். அன்னைக்கு ராத்திரி பழைய நோட்டெல்லாம் எடுத்துப் போட்டு 3.6, 3.6ன்னு தேடித் தேடிப் பாத்தேன். இல்ல. இல்லைங்கறதுல கோபம் இன்னும் கூடுச்சு, இல்லாத பழியைப் போடுதானேன்னு. எல்லாரும் சரின்னு கையெழுத்துப் போட்டாங்க, இனி கோவில்பட்டியில சி.ஆர்.பி.ன்னா லிட்டருக்குத்தான்னு. நானும் போட்டேன், போடாம என்ன செய்ய. போட்டுட்டுச் சொன்னேன், “தாள்ல மாத்தி எழுதுதேன், என் மெஷின்ல கை வைக்க மாட்டேன்.” அவரு என்ன சொன்னாரு தெரியுமா? “தாள்ல மாத்தாதீங்க தங்கச்சி, மெஷின்ல மாத்துங்க. இல்லன்னா ஒரு நாள் கை ரெண்டு தடவை மாத்திரும்.” வாய்ல சர்க்கரை போடணும் அந்த மனுஷனுக்கு. இல்ல, நெருப்பைப் போடணும். எப்படிச் சொன்னான் பாரு.

கூட்ஸ் வந்துச்சு. நிலக்கரி வேகன், ஒண்ணு, ரெண்டு, பதினேழு, எண்ணாதடி செண்பகம், எண்ணிக்கையாலதான் இன்னைக்கு நாசமானது, முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, கிரீச்சுன்னு நின்னுருச்சு. கேட்டுக்கு நடுவுல நின்னுருச்சு. கரி மூட்டம் மூக்குல ஏறுது. பைக்குக்காரன்லாம் ஹாரன் அடிக்கான், ரயில் என்ன உனக்கு வழி விடுமா. பத்து இருபத்தஞ்சு. இப்ப இறங்கி நடக்கவும் முடியாது, அடியில புகுந்து போற வயசும் இல்ல, புகுந்தா பெட்டி தட்டிக் குழாய் உடையும், இன்னொரு தடவை அந்தப் பிள்ளைகிட்ட ரத்தம் எடுக்கவா, அது உடம்புல என்ன ரத்தம் இருக்கு, ஒரு கையளவு. 24தான் நிஜமா இருந்தா? அந்தப் பாட்டில் டெசிலிட்டர் பாட்டிலா இருந்து, காப்பி கேட்ட பெரியவர் நிஜமாவே சாகப் போறவரா இருந்து, என் பேச்சைக் கேட்டு டாக்டரம்மா வேனை நிப்பாட்டி வச்சிருக்க, உள்ள கிருமி பிள்ளை மூளைக்கு ஏறிக்கிட்டு இருந்தா? இல்ல, பால் குடிக்கான்னு சொன்னாங்களே. கிருமி ஏறின பிள்ளை பால் குடிக்காது. குடிக்காதா? சில பிள்ளை குடிக்கும். 2.4. 24. 2.4. என் மகன் சென்னையில இருந்துக்கிட்டு, அம்மா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போடுன்னு சொன்னான், நான்தான் என் கையை விடவா உன் கம்ப்யூட்டர்ன்னேன். என் கை. இந்தக் கை. ஞானதுரை அண்ணாச்சி மாசாமாசம் கடைசி ஞாயித்துக்கிழமை ஒன்பது லேப்புக்கும் ஒரே சீரத்தை அனுப்புவாரு, மூணு வருஷத்துல ஒரு மாசம் தப்பினதில்ல, மழை பேஞ்சாலும் சரி, அவரு தம்பி இறந்த வாரமும் சரி. எல்லாரும் போயி உக்காந்து டீ குடிச்சு நம்பரை ஒப்பிட்டுப் பாப்பாங்க. நான் சீட்டை மட்டும் அனுப்பிருவேன். இந்த மனுஷனுக்கு இதால என்ன கிடைச்சுச்சு? ஒரு மாலை உண்டா, பேப்பர்ல போட்டாவா? ஒரு ஊரே ஒரே மாதிரி அளக்கணும்னு ஒருத்தன் சைக்கிள்ல சுத்தியிருக்கான், இன்னைக்கு எங்கயோ ஒரு தாய் ரெண்டு லேப் சீட்டைப் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பதறாம பாக்காள்னா அது அவரு போட்ட சோறு. அதை அவரு இருக்குற திசைக்கு ஒரு கும்பிடு போட்டுச் சொல்ல எனக்கு இந்த ரயில் வந்து நிக்க வேண்டியிருக்கு.

அசையுது. அசையுதுடா அய்யலு, எடு வண்டிய. கடைசி வேகன் போன உடனே கேட்டுக்காரன் தூக்கிட்டான், மகராசன் நல்லா இருக்கட்டும். பத்து முப்பத்தஞ்சுக்கு அந்தப் படியில காலை வச்சேன். அண்ணாச்சி வெளியவே நிக்காரு, டாக்டரம்மா போன் பண்ணிட்டாங்க போல, மெஷினைச் சூடாக்கி வச்சுட்டு நிக்காரு. நான் வாயைத் திறந்தேன், “அண்ணாச்சி, எனக்கு இது...” கையைக் காட்டி நிப்பாட்டிட்டாரு. “சொல்லாதீங்க. உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என் கண்ணு அந்த நம்பரைத் தேடும்.” ஒரு துண்டுத் தாளை நீட்டி என் மெஷின் சொன்னதை எழுதிக் கவுத்தி வைக்கச் சொன்னாரு. வச்சேன். குழாயை எடுத்தாரு, பேரைப் படிச்சாரு, ரெண்டு தடவை. முதல்ல, விடை முன்னாலயே தெரிஞ்ச தன் கன்ட்ரோல் பாட்டிலை ஓட்டினாரு, அது சரியா வந்த பிறகுதான் பிள்ளை ரத்தத்தைத் தொட்டாரு, எனக்கு உயிர் போகுது, அவரு அவசரப்படல. அஞ்சு நிமிஷம். ஃபேன் சுத்துது. சுவத்துல அந்த அட்டை, ஒன்பது சீட்டு, என் 4.9 நடுவுல மஞ்சளாகிக் கிடக்கு. மெஷின் சத்தம் கொடுத்துச்சு. அவரு எழுதினாரு, கவுத்தினாரு. ரெண்டு தாளையும் சேத்துத் திருப்பினாரு. என்னோடது 2.4. அவரோடது 2.6. “இந்த வித்தியாசம் வித்தியாசமே இல்ல தங்கச்சி”ன்னுட்டு போனை எடுத்தாரு. “டாக்டர், ரெண்டு புள்ளி ஆறு மில்லிகிராம், ஒரு லிட்டருக்கு. செண்பகத்தோட மெஷின் சரிதான்.” அந்தப் பக்கம் டாக்டரம்மா யார்கிட்டயோ “வேனைப் போகச் சொல்லுங்க, பிள்ளையை அம்மாகிட்டயே போடுங்க”ன்னு கத்துனது எனக்கே கேட்டுச்சு. நான் உக்காந்து அழுதேன். வெக்கமென்ன, அழுதேன்.

‘அன்னைக்கே சொன்னேன்ல’ன்னு ஒரு வார்த்தை வரும்னு காத்திருந்தேன். வரல. தன்னோட கன்ட்ரோல் பாட்டில்ல இருந்து பாதியை ஒரு குழாய்ல ஊத்தி, “உங்களுக்கு வர்ற வரைக்கும் இதை வச்சுக்கிடுங்க”ன்னு கொடுத்தாரு. அப்புறம் மேஜை டிராயர்ல இருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால வச்சாரு, மாசக் கூட்டத்து நோட்டு. “நீங்களே எழுதிருங்க. ஒன்பது பேரும் படிப்பாங்க, அதுக்குத்தான் இது.” ஊரு பாக்க எழுதணுமா? பக்கத்தைப் புரட்டுத மாதிரி நேரத்தைக் கடத்தினேன், புரட்டிப் புரட்டி முதப் பக்கத்துக்கே போயிட்டேன். அவரு கையெழுத்து, நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. ‘நாலு மாதப் பெண் குழந்தை. நான் எழுதியது 3.6. அலகு எழுதவில்லை. டாக்டர் லிட்டருக்கு என்று எடுத்துக்கொண்டார். உண்மை 36. மருந்து மூன்று நாள் தாமதம். மூளைக்காய்ச்சல். பிள்ளை பிழைத்தது. இரண்டு காதும் கேட்காது. தப்பு என்னுடையது. ஞானதுரை.’ என்னைத் தவிர மத்த எல்லாரும் இதைப் படிச்சிருக்காங்க. மூணு வருஷமா எல்லாருக்கும் தெரியும். டீ குடிக்க வந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். என்னைச் சொல்லுதாருன்னு ராத்திரியெல்லாம் நோட்டைத் தேடினேனே, பாவி, அந்த மனுஷன் தன்னைச் சொல்லியிருக்காரு. தலையைத் தூக்கி அவரு முகத்தைப் பாக்க முடியல. அவரு மூடியைக் கழட்டிப் பேனாவை என் கையில கொடுத்தாரு. எழுதினேன். கடைசிப் பக்கத்துல. ‘மூன்று நாள் ஆண் குழந்தை. நான் எழுதியது 24. உண்மை 2.4. இரண்டு தடவை பெருக்கிவிட்டேன். மெஷினில் மாற்றச் சொன்னதை நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. செண்பகவல்லி.’ கண்ணாடியை மூக்குல இறக்கிக்கிட்டு அவரு குனிஞ்சு மெதுவாப் படிச்சாரு. படிச்சு முடிச்சு, விரலை 2.4க்குப் பக்கத்துல இருந்த காலி இடத்துல வச்சு என்னைப் பாத்தாரு.

“அலகு?” அப்படின்னாரு.

அழுகையோட சிரிப்பும் வந்துருச்சு எனக்கு. பேனாவைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு எழுத்தா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினேன், மில்லிகிராம், ஒரு லிட்டருக்கு.